கள்ளிக்குப் போத்தா, குட்டியா, ஒட்டா? டெல்டா வீட்டுக்கு எது சரிப்படும்

முருங்கைப் போத்தும் கிளுவைப் போத்தும் ஊன்றிப் பழகிய கை நம்முடையது. ஒரு கிளையை வெட்டிக் கொல்லையில் குழி போட்டு நட்டு, தலையில் சாணி உருண்டையை அப்பி, நாலு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும்; கொஞ்ச நாளில் துளிர் எட்டிப் பார்க்கும். அதே கையோடு கள்ளிக்குப் போனால்தான் வம்பு. இன்றைக்கு வெட்டி இன்றைக்கே ஈரமண்ணில் ஊன்றிய கள்ளித் துண்டு அடியில் கறுத்துக் கொழகொழத்துப் போகும். மேலே பார்த்தால் பல நாளைக்குப் பச்சையாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. வேர் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நாமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம்.

கள்ளியின் தண்டு பூராவும் சதையும் தண்ணீரும்தான். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை மண்ணில் இருக்கிற பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் தடையே கிடையாது. வறண்ட ஊர்களில் காற்றே அந்தக் காயத்தை ஆற்றிவிடும். அதனால்தான் வீடியோக்களில் 'மூன்று நாள் காயவைத்து நடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கே கதை வேறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தண்ணீர் கட்டிய வயல், நடுவே வாய்க்காலும் குளமும். மாயவரத்தில் துவைத்துப் போட்ட ஜீன்ஸே சாயங்காலம்வரை ஈரமாகத்தான் கிடக்கிறது. ஆகவே புதுக் கள்ளி எடுக்க எந்த வழி என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டுதான்: காயம் எவ்வளவு பெரிது, அது காய எத்தனை நாள் கிடைக்கும். மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்கு முன் உங்களிடம் இருப்பது கள்ளிதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வேலியோரத்துத் திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அவற்றையும் வெட்டி நடலாம்தான், ஆனால் வெட்டிய வாயைத் தண்ணீரில் அமிழ்த்திப் பால் நின்ற பிறகே காயப்போட வேண்டும். ரணகள்ளி இன்னொரு குடும்பம். அதன் இலையைத் தரையில் போட்டாலே ஓரத்தில் கன்று கிளம்பும். சோற்றுக்கற்றாழை மடலை நட்டால் அழுகத்தான் செய்யும், அதற்குப் பக்கக் கன்றுதான் கதி. நிஜக் கள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் சொத்து என்று சொல்லிவிடலாம். நம் சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து வந்து தங்கியதுதான். அடையாளம் சுலபம்: ஒவ்வொரு முள் கொத்தும் ஒரு சின்னப் பஞ்சுப் புள்ளியிலிருந்து கிளம்பும். முள் இருந்து அந்தப் புள்ளி இல்லையென்றால் அது வேறு செடி. இந்தக் கட்டுரை புள்ளி உள்ளவற்றைப் பற்றியது.

குட்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம்

நர்சரிகளில் உருண்டையாக, கைக்கடக்கமாக விற்கும் எக்கினாப்சிஸ், மாமில்லேரியா வகைகளில் பலவும் வாழை பக்கக்கன்று விடுகிற மாதிரி அடியைச் சுற்றிக் குட்டி போடும். குட்டி தாயோடு ஒட்டியிருக்கும் இடம் பெரும்பாலும் பட்டாணி அளவுதான். காயம் அவ்வளவு சின்னது. சிலவற்றில் தாயோடு இருக்கும்போதே வேர் எட்டிப் பார்த்திருக்கும். அப்படிப்பட்டதை இடுக்கியால் பிடித்து லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். மாமில்லேரியாவில் ஒரு வகை, தொட்டாலே உதிரும். நெல்லிக்காய் அளவாவது வந்தபிறகு எடுங்கள். அதைவிடச் சின்னதில் சேமிப்பு போதாது, வேர் விடுவதற்குள் சுருங்கிப் போகும். மற்ற ஊரில் 3 நாள் என்றால் இங்கே ஒரு வாரம் நிழலில் வைத்து நடலாம்.

இதில் குறை என்றால் எண்ணிக்கை நம் கையில் இல்லை என்பதுதான். செடி போட்ட குட்டி எத்தனையோ அத்தனைதான். ஆனாலும் குட்டி போடுகிற கள்ளியைக் கத்தியால் குறுக்கே வெட்டுவது வீண் வேலை. தாயின் உருவம் கெடும், இரண்டு பெரிய காயம் உண்டாகும், கிடைப்பது அதே ஒரு செடி.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

தூண் கள்ளி, சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழக் கொடி, இரவில் பூக்கிற நிஷாகந்தி (பலரும் பிரம்ம கமலம் என்பார்கள்) ஆகியவற்றுக்குப் போத்துதான் வழி. இந்த நான்குக்குள்ளும் வேலை ஒரே மாதிரி இல்லை.

எல்லாவற்றிலும் சுலபம் சப்பாத்தி. ஒரு மடலுக்கும் அடுத்த மடலுக்கும் நடுவே இடுப்பு சிறுத்திருக்கும். அங்கேயே வெட்டிவிட்டால் காயம் இரண்டு விரல் அகலம்தான். இந்த வருஷத்து இளம் மடலை விட்டுவிட்டு, முற்றிக் கெட்டியானதை எடுங்கள். பெரிய முள்ளுக்குப் பயப்பட வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் ஏறுவது சுணை. வைக்கோல் சுணை குளித்தால் போய்விடும், இது போகாது. விரலில் நாள்கணக்கில் உறுத்தும். செய்தித்தாளை நாலைந்து மடிப்பு மடித்துப் பட்டையாக்கி மடலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது கையுறையைவிட மேல், ஏனென்றால் துணிக் கையுறையில் ஏறிய சுணை அதிலேயே தங்கி அடுத்த முறையும் குத்தும். ஏறிவிட்டால் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரிக்கலாம்.

தூண் கள்ளியில்தான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: நுனித் துண்டா, நடுத்துண்டா? நுனி, நட்ட பிறகும் அதே போக்கில் மேலே வளரும், பார்க்க ஒழுங்காக இருக்கும். நடுத்துண்டுக்கு வளர்முனை கிடையாது. பக்கவாட்டுப் புள்ளிகளிலிருந்து புதுத் தலை கிளம்ப வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும், வடிவமும் கோணலாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு செடி போதும் என்பவருக்கு நுனி. மதில் ஓரம் முழுக்க வரிசையாக வேண்டும் என்பவர் ஒரு தூணை ஒரு சாண் அளவுத் துண்டுகளாகப் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போடும்போது ஒவ்வொரு துண்டிலும் மேல்பக்கம் எது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காய்ந்து கிடக்கும்போது தலை எது கால் எது என்று தெரியாது. தலைகீழாக நட்டால் உருப்படாது. வெட்டிய தாய்த்தூணை வீணென்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேல்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று தலை வரும். ஒரு தடவை வெட்டினால் கணக்கு பலமடங்காவது இப்படித்தான்.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்திருக்க வேண்டும். அறுவாமனையில் வைத்து நசுக்காதீர்கள். வெட்டிய பிறகு அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஈரமாக மினுங்கும் சதை, நடுவில் வெளிர்நிறத்தில் ஒரு வளையம். வேர் கிளம்புவது அந்த வளையத்தை ஒட்டித்தான். காயக் காயச் சதை உள்ளே குழியும், வெளித்தோல் கெட்டி என்பதால் சுருங்காது. விளைவு, நடு குழிந்து ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், வளையம் மண்ணைத் தொடாமலே அந்தரத்தில் இருக்கும். இதைத் தடுக்கப் பென்சில் சீவுவதுபோல அடி விளிம்புகளை அரை அங்குலத்துக்குச் சரிவாகச் செதுக்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்பவர்கள் குறைவு. செய்தால் வித்தியாசம் தெரியும்.

எங்கே காயவைப்பது? மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். வெட்டுவாய் காய்வதற்குள் தோல் வெந்து மஞ்சளாகத் திட்டுத் திட்டாகிவிடும். அந்தத் தழும்பு கடைசிவரை மறையாது. சமையலறை மேடையில் ஆவி. கொல்லைத் தரையில் மண் ஈரம். எனக்குப் பிடித்தது வராந்தாவிலோ தாழ்வாரத்திலோ கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கூடை. கீழேயும் காற்றுப் போகும், துண்டைச் சுவரோரம் நிமிர்த்தியும் சாய்த்து வைக்கலாம். நிமிர்த்துவது அழகுக்காக இல்லை: தூண் கள்ளியை வாரக்கணக்கில் படுக்கப் போட்டால் நுனி வெளிச்சத்தை நோக்கி வளைந்துவிடும், சமயத்தில் வயிற்றிலேயே வேர் விடும்.

எத்தனை நாள் என்றால், சப்பாத்தி மடலுக்கு 10 நாள். டிராகன் கொடிக்கும் நிஷாகந்திக்கும் ஒரு வாரம் போதும். மணிக்கட்டுப் பருமன் தூணுக்கு 3 வாரம், அதைவிடப் பருத்ததற்கு ஒரு மாதம். பயமே வேண்டாம், தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிற உடம்பு அது. சில துண்டுகளில் காயும்போதே அந்த வளையத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு நிறத்தில் வேர்முனை தலைகாட்டும். அப்போது தயங்காமல் நடலாம். பெருவிரலால் அடியைத் தட்டினால் காய்ந்த தேங்காய் ஓடு மாதிரி சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. பிசுபிசுப்பும் பழுப்பு நிறமும் இருக்கக் கூடாது. பழுப்பு தெரிந்தால் இன்னும் ஒரு அங்குலம் மேலே வெட்டிப் பாருங்கள். வளையத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், வெட்டுக்கு வெட்டு கத்தியைத் துடைத்துக்கொண்டு.

மஞ்சள் தூள், பட்டைத் தூள், அடுப்புச் சாம்பல், வேர் ஊக்கி என்று எதையாவது தடவச் சொல்லி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வேர் ஊக்கி கள்ளிக்குத் தேவையே இல்லை, அது சும்மா விட்டாலே வேர் விடும் ஜாதி. பூஞ்சைக்கு ஏதாவது போட்டால்தான் மனம் ஆறும் என்றால், உளுந்தில் சாம்பல் நோய்க்கு அடிக்கிற நனையும் கந்தகத் தூள் வீட்டில் மிச்சம் இருக்கும். அதை உலர்வாக ஒரு சிட்டிகை தொட்டு வையுங்கள். காயவைக்கும் நாளைக் குறைக்க எந்தத் தூளாலும் முடியாது.

எந்த மண்

வண்டல் என்றாலே நமக்குப் பெருமை. கள்ளிக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். பழைய டெல்டாவின் களி கலந்த வண்டல் ஒருமுறை நனைந்தால் தொட்டிக்குள் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். காய்ந்தாலும் தொல்லைதான்; பாளமாக வெடித்து, புதிதாக வந்த மயிர் வேரை அறுத்துவிடும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் கொஞ்சம் தேவலை, ஆனாலும் அதை மட்டும் தனியாகப் போட முடியாது.

ஆற்று மணல் நல்லதுதான், பருமணலாகச் சலித்தெடுத்தால். ஆனால் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டே மணலுக்கு அலைய வேண்டிய காலம் இது. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டால் எம்-சாண்ட்தான் கிடைக்கும். அதில் ஒரு சிக்கல்: கல் உடைத்த மாவு நிறைய இருக்கும். அப்படியே போட்டால் தண்ணீர் பட்டுத் தொட்டிக்குள் தளம் போட்ட மாதிரி இறுகிவிடும். மாவுச் சல்லடையில் சலித்து மாவைத் தள்ளிவிட்டு, சல்லடைமேல் நிற்கிற குறுணையை மட்டும் தண்ணீர் தெளியும்வரை அலசி எடுத்தால் ஆற்று மணலைவிட நன்றாகவே இருக்கிறது. பூச்சு வேலைக்கான நைஸ் மணல் எந்த ரகமானாலும் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: கடற்கரை மணலைத் தொடாதீர்கள், எவ்வளவு அலசினாலும் உப்புப் போயிற்று என்று நம்ப முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு வரப்பிரசாதம் உண்டு, அது உமிக்கரி. அரிசி ஆலைகளில் மலைபோலக் குவிந்திருக்கும் கறுப்பு உமி. லேசானது, காற்றோட்டம் கொடுக்கும், மட்கி இறுகாது. பச்சை உமியைப் போட்டால் அது மண்ணுக்குள் மட்க ஆரம்பித்துப் பூஞ்சையைக் கூட்டும். கரியானதுதான் வேண்டும், வெள்ளைச் சாம்பலாகப் போனதும் வேண்டாம். கரியில் காரம் இருக்கும், ஆகவே இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் போடுங்கள். அதோடு பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல். காளவாயில் உடைசல் கேட்டால் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள்.

தேங்காய் நார்த்தூளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மலிவு, கட்டியாகவும் எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது. அதன் குணமே தண்ணீரைப் பிடித்து வைப்பது. கிருஷ்ணகிரி மாதிரி உலர்ந்த இடத்தில் அது உதவி, இங்கே உபத்திரவம். நிஷாகந்திக்கும் டிராகனுக்கும் மட்டும் விதிவிலக்கு: இரண்டும் காட்டில் மரத்தின்மேல் தொற்றி வளர்கிற பரம்பரை, கொஞ்சம் நார்த்தூளும் இலைமட்கும் அவற்றுக்குப் பிடிக்கும். மற்றவற்றுக்கு நான் போடுவது பருமணல் இரண்டு பங்கு, செங்கல் உடைசல் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. எரு கிடையாது. வேர் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றும்போது ஒரு பங்கு நன்றாக மட்கிய இலையெரு சேர்த்தால் சரி.

தொட்டி, மண்தொட்டியேதான். பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும் என்பதே போதிய காரணம். தயிர் டப்பாவில் ஓட்டை போட்டும் நடலாம், அப்போது தண்ணீர் பாதியாகக் குறைய வேண்டும். துண்டைவிட இரண்டு விரல் அகலமான தொட்டி போதும்; பெரிய தொட்டியில் ஈரம் தங்கும்.

தண்ணீர் ஊற்றுவதா, ஊற்றாமல் விடுவதா

இதில் மூன்று கட்சி உண்டு. நட்ட அன்றே ஊற்றுபவர்கள், வேர் வரும்வரை ஒரு சொட்டும் காட்டாதவர்கள், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அதில் வேர் விடவைப்பவர்கள். மூன்றாவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேரும் வரத்தான் செய்யும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் மணலுக்கு மாறும்போது பெரும்பாலும் மடிந்து புதிதாக விட வேண்டியிருக்கிறது. போதாததற்கு அந்த டம்ளரில் டெங்குக் கொசுவும் குடும்பம் நடத்தும். விட்டுவிடுங்கள்.

டெல்டாவில் நான் இரண்டாவது கட்சி. உலர்ந்த கலவையில் துண்டை ஒரு அங்குலம் மட்டும் இறக்கி, சாயாமல் நாலு குச்சி கொடுத்து, மறைவெயிலில் வைத்துவிட்டு மறந்துபோக வேண்டும். இங்கே காற்றில் இருக்கிற ஈரமே வேருக்குத் தூண்டுதல். 3 முதல் 6 வாரத்தில் லேசாக இழுத்துப் பார்த்தால் பிடி கொடுக்கும். பிடி கொடுத்த அன்றுதான் முதல் தண்ணீர், அதுவும் கலவை முழுக்க நனைந்து கீழே வழியும்படி. பிறகு முழுக்கக் காய்ந்ததும் அடுத்தது. தினம் ஒரு கை தெளிக்கிற பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுப்பது: மேலே காய்ந்ததுபோல் தெரியும், அடியில் எப்போதும் ஈரம். சித்திரை வைகாசியில் நெல்லிக்காய் அளவுக் குட்டிகள் சுருங்கினால் மட்டும் தொட்டி ஓரமாக ஒரு ஸ்பூன் விடலாம். கடலோரத்துப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்; கள்ளிக்குத் தேவை கொஞ்சம்தான், ஒரு குடம் பல வாரத்துக்கு வரும்.

ஒட்டு யாருக்கு

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார்: "ஏன் தம்பி, கீழ இருக்கிற பச்சைக் குச்சி அசிங்கமா இருக்கே. மேல இருக்கிற செவப்பு உருண்டையை மட்டும் வெட்டித் தனியா நட்டுத் தரமாட்டியா?"

"நடலாம்க்கா, ஆனா அது பட்டினி கிடந்து செத்துப்போகும்."

அந்தச் சிவப்பு, மஞ்சள் உருண்டைகளில் பச்சையம் கிடையாது. ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளியில் தோன்றிய திரிபு அது. தனக்குச் சோறு ஆக்கிக்கொள்ளத் தெரியாது. கீழே இருக்கும் முக்கோணப் பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடி, அதுதான் சமைத்துப் போடுகிறது. சிவப்பு உருண்டை போடும் குட்டியும் சிவப்புத்தான், அதையும் இன்னொரு பச்சைத் தண்டின்மேல் ஒட்டினால்தான் பிழைக்கும். ஆகவே இந்த வகைக்குப் போத்தும் விதையும் பேச்சுக்கே இடமில்லை.

ஒட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வேர் பிடித்த டிராகன் தண்டை 10 செ.மீ. உயரத்தில் மட்டமாக வெட்டி, மூன்று விளிம்பையும் சீவி, உருண்டையின் அடியையும் மட்டமாக வெட்டி, இரண்டின் நடு வளையங்களும் எங்காவது ஒன்றையொன்று தொடும்படி வைத்து, தொட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். தண்டின் வளையம் சின்னதாக இருந்தால் நேர் நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால்தான் வளையங்கள் சந்திக்கும். இதில் மட்டும் காயவைக்கும் பேச்சே இல்லை, வெட்டியதும் உடனே பொருத்திவிட வேண்டும். 10 நாளைக்கு வெட்டுவாயில் தண்ணீர் படக் கூடாது. பிறகு தண்டு பக்கத்தில் தளிர் விட்டால் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவை அது எடுத்துக்கொள்ளும்.

டிராகன் தண்டுக்குக் குளிர் ஆகாது, நமக்கோ குளிரே கிடையாது. அந்த வகையில் டெல்டா ஒட்டுக்கு ஏற்ற இடம். வளர்ச்சியும் வேகம். ஆனால் அந்தத் தண்டு பெரும்பாலும் சில வருஷத்தில் மரத்துப்போய்த் தளரும், மழையில் நனைந்தால் இன்னும் முன்னதாகவே. ஒட்டுச்செடி வாங்கினால் மறு ஒட்டுக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். சொந்த வேரில் நிற்கக்கூடிய கள்ளியை வேகத்துக்காக ஒட்டுக்கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் அது வைத்தியம்: அடி முழுக்க அழுகிப்போய், நுனியில் கட்டைவிரல் அளவு மட்டும் நல்ல சதை மிஞ்சியிருந்தால், அதைக் காயவைத்துக் காத்திருப்பதைவிட ஒட்டிவிடுவது பிழைக்க வழி.

விதையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. தங்க உருண்டைக் கள்ளி மாதிரி குட்டி போடாத வகைகள் விதையில்தான் வருகின்றன, ஆனால் மூடிய டப்பா ஈரத்தில் நாற்றழுகல், பிறகு வருஷக்கணக்கில் காத்திருப்பு. பொழுதுபோக்குக்குச் செய்யலாம். செடி வேண்டும் என்றால் அந்த வகையைச் சின்னதாக வாங்கிவிடுங்கள், தயவுசெய்து அதன் தலையை வெட்டாதீர்கள். டிராகனையும் விதையில் போடாதீர்கள். போத்தில் வந்த கொடி நன்றாகப் பராமரித்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் காய்க்கும், விதைக்கன்று அதைவிடப் பல வருஷம் இழுக்கும்.

எந்த மாதம்

வெட்டுவதற்குத் தை கடைசியிலிருந்து பங்குனிவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொல்ல ஆரம்பித்திருக்காது, மூன்று நான்கு வாரம் காயவைக்கத் தைரியமாக இறங்கலாம். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது கள்ளிக்கும் பொருந்தும். ராத்திரியில் திறந்த மாடியில் வைத்தால் காலையில் வெட்டுவாய் நனைந்திருக்கும், அதனால் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும். சித்திரை, அக்கினி நட்சத்திரம் முழுக்க நிழல் இருந்தால் மட்டும். ஆடி ஆவணி இரண்டாவது நல்ல வாய்ப்பு: காற்று இருக்கும், வெட்டியது காய்ந்து வேர் பிடிக்க ஐப்பசிக்கு முன் இரண்டு மாதம் கிடைக்கும். புரட்டாசி பாதிக்கு மேல் கத்தியை எடுக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் செடி அழுகி, வேறு வழியே இல்லாமல் வெட்டினால் மட்டும், மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காயவையுங்கள். அந்த இரண்டு மாதத்தில் வெளிக்காற்றை நம்ப முடியாது.

கும்பகோணத்துச் சந்து வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் ஓரம் இருக்கிறவருக்கு என் யோசனை: குட்டி போடும் வகையாக ஒன்று வாங்குங்கள், கத்தியே வேண்டாம். மொட்டை மாடி உள்ளவர்கள் தூண் கள்ளிக்குப் போகலாம், மாசியில் ஒரு வெட்டு, ஆடிக்குள் வரிசை நிற்கும், ஆனால் மழை மாதத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளாவது கட்ட இடம் பார்த்துக்கொள்ளுங்கள். முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் முணுமுணுத்தால் அதற்கும் மாடிதான் தீர்வு, நிஷாகந்திக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் சப்பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள், சுணைக்காகவே.

வெட்டி மிஞ்சிய சப்பாத்தி மடலை வாய்க்கால் கரையில் வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர் விட்டுவிடும். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் நிலம் நிலமாக அடைத்துக்கொண்டு நின்றது அது. 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் வகைப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. இன்றும் மடலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்து, நசுக்கினால் கை சிவக்கச் சாயம் வந்தால் அது அந்தப் பூச்சி இனம்தான். அப்படிப்பட்ட செடியிலிருந்து போத்து எடுக்காதீர்கள். மிச்சத்தை நறுக்கி ஆழமாகப் புதைத்துவிடலாம். யாருக்காவது கொடுப்பதானால் தொட்டியில் நட்டுக் கொடுப்பதைவிடக் காய்ந்த துண்டாகவே கொடுங்கள். தூண் கள்ளியைக் காகிதத்தில் சுற்றி ஒரு மாதம் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது, பஸ்ஸில் எடுத்துப் போகவும் வசதி.